மருந்தெனும் நஞ்சு

நோய் தீர்ப்பதற்கும் பூச்சியைக் கொல்வதற்கும் நம் வழக்கில் 'மருந்து' என்பதே பெயர். வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' எனத் தனி அதிகாரம் வகுத்தது உடல்நலம் பேணுதற்காக. நம் கொங்கு நாட்டுத் தோட்டங்களிலோ, "மருந்தடிக்கோணுங்க" என்பது அன்றாடப் பேச்சு. "மருந்தைக் குடிச்சுட்டாருங்க" என்று ஒருவர் சொன்னால், கேட்போர் நெஞ்சம் பதைக்கிறது. நஞ்சை மருந்தென்றே அழைத்துப் பழகிய நாம், அதற்கு அஞ்ச மறந்தோம்.

கோவை, ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களில் பருத்தி, தக்காளி, கத்தரி, வாழை என எப்பயிராயினும் தெளிப்பான் தோளேறாத பருவம் அரிது. தெளிப்போருள் பெரும்பாலோர் கூலித் தொழிலாளர். வெயிலின் கொடுமையால் கையுறையும் முகமூடியும் அணிவதில்லை. தெளிப்பான் கசிந்து முதுகு நனைகிறது. காற்று எதிர்த்து வீசினால் நஞ்சு முகத்திலேயே படிகிறது. நஞ்சு வாய்வழியே மட்டுமன்றித் தோல்வழியும் மூச்சுவழியும் உடலுட் புகும் என்பதைப் பலர் அறியார்.

பூச்சிக்கொல்லிகளுள் ஆர்கனோபாஸ்பேட் என்பது ஒருவகை. நரம்புகள் செய்தியைக் கடத்த அசிட்டைல்கோலின் என்னும் பொருள் உதவுகிறது. கடத்தி முடித்தபின் அதனைச் சிதைத்து நரம்பை ஓய்வுறச் செய்வது ஒரு நொதி. அந்நொதியை இந்நஞ்சு முடக்கிவிடுகிறது. ஓய்வின்றித் தூண்டப்படும் நரம்புகளால் பூச்சி மடிகிறது. மனிதனுக்கும் அதே நொதி உண்டு, மூளையிலும் உண்டு. எனவேதான் தலைவலி, வாந்தி, வியர்வை ஆகியவற்றோடு உறக்கமின்மை, எரிச்சல், மறதி, மனச்சோர்வு ஆகியனவும் தோன்றக்கூடும். அமெரிக்காவில் 1993ஆம் ஆண்டு தொடங்கிய வேளாண்மை உடல்நல ஆய்வில், பூச்சிக்கொல்லி நஞ்சேற்றத்திற்கு ஒருமுறை ஆளானவர்களிடையே மனச்சோர்வு மிகுந்திருத்தல் கண்டறியப்பட்டது. கடனும் வறட்சியும் மனத்தை வாட்டுவன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் துயருக்கு நஞ்சும் ஒரு காரணமாகலாம் என்பதை வீட்டார் எண்ணிப் பார்ப்பதில்லை. "சோம்பேறியாகிவிட்டான்", "முன்கோபம் மிகுந்துவிட்டது" என்று குணத்தின்மேல் பழி போடுகின்றனர்.

இரண்டாவது இடர், நஞ்சு வீட்டிலேயே இருப்பது. மனம் தளர்ந்த பொழுதில் அது கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. அவ்வெண்ணமோ பலருக்குச் சிறுபொழுதில் கடந்துபோகும் தன்மையது. அப்பொழுதில் கொடிய நஞ்சு கைக்கு எட்டாதிருப்பின் உயிர் தப்பும். இதற்கு இலங்கையே சான்று. அங்கு 1995இல் மோனோகுரோட்டோபாசும் 1998இல் எண்டோசல்பானும் தடை செய்யப்பட்டன. 1995க்கும் 2005க்கும் இடையே அந்நாட்டுத் தற்கொலை விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. தமிழக அரசும் தற்கொலைகளைத் தடுக்கக் கருதி, 2022-23ஆம் ஆண்டில் மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட ஆறு பூச்சிக்கொல்லிகளுக்கு 60 நாள் தடை விதித்தது. 2023இல் நடுவணரசும் மோனோகுரோட்டோபாசுக்குத் தடையாணை பிறப்பித்தது.

அரசு ஆணை ஒருபுறம் இருக்க, நம்மால் ஆவதும் உண்டு. நஞ்சைத் தோட்டத்துச் சாளையில் பூட்டி வைத்தல், எதிர்காற்றில் தெளிக்காமை, தெளித்த உடையைத் தனியே துவைத்தல், மயக்கமுற்றவரை நஞ்சுப் புட்டியின் சீட்டுடன் உடனே மருத்துவமனை சேர்த்தல் ஆகியன எளியவை. மனத்துயர் உற்றோர் டெலிமானஸ் என்னும் 14416 எண்ணில் தமிழிலேயே கட்டணமின்றிப் பேசலாம்.

நம் மாணவருள் பலர் உழவர் குடியில் பிறந்தோர். அடுத்த விடுமுறையில் வீட்டிலுள்ள புட்டியை எடுத்துப் பாருங்கள். அதிலுள்ள முக்கோணம் சிவப்பாயின் கொடுநஞ்சு. அடுத்தடுத்த நிலைகள் மஞ்சள், நீலம், பச்சை. அருகிலுள்ள பொடியெழுத்துகளை உங்கள் தந்தையார் படித்திருக்க மாட்டார். அவருக்கு அவற்றை உரக்கப் படித்துக் காட்டுங்கள். பின்னர், "இரவில் நன்றாக உறங்குகிறீர்களா, அப்பா?" என்றும் கேளுங்கள். நாம் கற்ற எழுத்திற்கு இதனினும் மேலான பயன் வேறு யாது?