களத்துக்கு வேண்டியது மட்டமா, வாட்டமா? சிறு டிராக்டருக்குப் பிளேடு வாங்கும் முன்

சரக்கு கெடுவதற்கு எலியும் பூச்சியும் மட்டும் காரணமல்ல. பாதிச் சரக்கைக் கெடுப்பது தண்ணீர். 2011 டிசம்பர் 30-ல் தானே புயலும், 2015 நவம்பர் பெருமழையும் நம் குறிஞ்சிப்பாடி வட்டாரத்தைப் படுத்திய பாடு எல்லோருக்கும் தெரியும். அத்தனை பெரிய வெள்ளத்தைத் தடுக்க நம்மால் ஆகாது. ஆனால் ஒரு மணி நேர மழைக்கே குடோன் வாசலில் முழங்கால் தண்ணீர் நிற்கிறதே, அதைத் தடுக்க முடியும். அடி வரிசையில் உள்ள பத்துச் சர்க்கரை மூட்டை நனைந்தால் ஒரு மாத லாபம் போயிற்று. காயப்போட்ட மணிலாவில் ஈரம் ஏறினால் பூஞ்சணம் பிடித்து நஞ்சாகிறது. அதை விற்பது வாடிக்கையாளருக்குச் செய்யும் துரோகம்.

நம்மில் பலருக்கு வியாபாரத்தோடு கொஞ்சம் நிலமும் உண்டு. அதற்காக 15 முதல் 25 குதிரைத்திறன் கொண்ட சிறு டிராக்டர் வாங்கியிருக்கிறோம். அதன் பின்னால் ஒரு பிளேடு மாட்டினால் நெல் களம், மணிலா களம், லாரி திரும்பும் இடம், குடோன் பாதை எல்லாவற்றையும் நாமே சரிசெய்து கொள்ளலாம். எந்தப் பிளேடு என்பதில்தான் குழப்பம்.

முதலில் தண்ணீருக்கு வழி

களம் மட்டமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். கொத்தனாரைக் கேட்டால் "மட்டம் இல்லை முதலாளி, வாட்டம்தான் வேண்டும்" என்பார். அவர் சொல்வது சரி. 10 அடிக்கு 2 அங்குலம் வாட்டம் இருந்தால் மண் களத்தில் தண்ணீர் நிற்காது. ஒளி ஊடுருவும் டியூபில் தண்ணீர் நிரப்பி இரு முனையிலும் பிடித்துப் பார்த்தால் போதும். பெரிய கருவி தேவையில்லை.

சாலையும் ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்துகொண்டே போயிற்று. பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகே புதிது போட வேண்டும் என்று 2021-ல் அரசு உத்தரவிட்டது. அதற்கு முன் உயர்ந்தது உயர்ந்ததுதான். உங்கள் கடை சாலையைவிடப் பள்ளமாக இருந்தால் வாட்டத்தைச் சாலைப் பக்கம் விட முடியாது. பக்கத்து வாய்க்காலுக்கோ பின்புறத்துக்கோ விட வேண்டும். அடுத்த கடைக்காரர் வாசலில் தள்ளிவிடக் கூடாது. மழை ஒரு நாளில் விடும், பகை விடாது.

கணக்கும் போட்டுக்கொள்ளுங்கள். 60 அடிக்கு 40 அடி களம். ஒரு ஓரத்தில் 1 அடி உயர்த்தி மறு ஓரத்தில் பழைய மட்டத்துக்கே இறக்கினால் சராசரி அரை அடி. 1,200 கன அடி, அதாவது 12 யூனிட். மண் இறுகும் என்பதால் 15 யூனிட் அடித்தால்தான் கட்டும். குடோன் தரை மட்டத்துக்கு அரை அடியாவது கீழே மண் நிற்க வேண்டும். இல்லையேல் சுவர் ஓதம் காக்கும்.

மூன்று வகைப் பிளேடு

முதல் வகை சாதாரணப் பின் பிளேடு. ஒரே தகடு. இடம் வலமாகத் திருப்பி வைக்கலாம். மண்ணை ஓரம் தள்ளவும், பாதையோரம் சிறு வாய்க்கால் இழுக்கவும் இதுவே சிறந்தது. விலையும் குறைவு. ஆனால் டிராக்டர் சக்கரம் ஒரு மேட்டில் ஏறி இறங்கினால் பிளேடும் கூடவே ஏறி இறங்கும். பழைய அலை போய்ப் புது அலை வரும்.

இரண்டாவது பெட்டிப் பிளேடு. இரு பக்கமும் தகடு அடைத்திருக்கும். முன்னால் கொத்துப் பற்கள். மேட்டை வெட்டி, மண்ணைப் பெட்டிக்குள்ளேயே இழுத்துப் போய்ப் பள்ளத்தில் கொட்டும். நெய்வேலிப் பக்கத்துச் செம்மண் கோடையில் கல்லாக இறுகிவிடும். அதற்குப் பல் இல்லாமல் ஆகாது. டாப் லிங்கைக் குறைத்தால் பல் ஆழமாகக் கொத்தும். நீட்டினால் பின் விளிம்பு மண்ணைத் தடவிவிடும். இந்தக் கைப்பழக்கம் வரச் சில நாள் ஆகும்.

மூன்றாவது சறுக்குச் சட்டம் வைத்த இரட்டைப் பிளேடு. இரு பக்கமும் நீளமான இரும்புச் சட்டம் தரையில் சறுக்கிக்கொண்டே வரும். அதனால் டிராக்டரின் ஆட்டம் பிளேடுக்கு எட்டாது. கிராவல் பாதை, லாரி நிற்கும் இடம் ஆகியவற்றைச் சீவிவிட இதற்கு நிகரில்லை. புது ஓட்டுநரும் கெடுக்க மாட்டார். ஆனால் மண்ணைத் தூரம் கொண்டுபோகாது.

என் யோசனை இது. மேடு பள்ளம் அதிகமுள்ள களத்துக்குப் பெட்டிப் பிளேடு. ஏற்கெனவே ஒழுங்கான பாதையைப் பராமரிக்க இரட்டைப் பிளேடு. வாய்க்கால் வேலைதான் முக்கியம் என்றால் பின் பிளேடு. லேசர் லெவலர் பெரிய டிராக்டருக்கும் பெரிய வயலுக்கும் உரியது. நமக்கு வேண்டாம். ஜே.சி.பி. தோண்டவும் அள்ளவும் கெட்டி. சீவி முடிக்கும் வேலை பிளேடுக்கே.

வாங்கும்போது

அகலம் பின் சக்கரங்களின் வெளி விளிம்பை மூடினால் போதும். சிறு டிராக்டருக்குப் பெரும்பாலும் 4 அடி. "5 அடி போடுங்கள், வேலை சீக்கிரம் முடியும்" என்பார்கள். நம்பாதீர்கள். மண் நிரம்பியதும் வண்டி இழுக்காது. சிறு டிராக்டர்கள் பெரும்பாலும் 500 முதல் 800 கிலோ வரைதான் தூக்கும். பிளேடு கனத்தால் முன் சக்கரம் லேசாகிவிடும். முன் எடைக் கட்டிகள் மாட்ட முடியுமா என்று கேளுங்கள்.

வெட்டு விளிம்பு போல்ட் போட்டதாக இருக்கட்டும். ஒரு பக்கம் தேய்ந்தால் திருப்பி மாட்டலாம். வெல்டு வைத்ததை வாங்கினால் தேய்ந்ததும் மொத்தமும் பட்டறைக்குப் போகும். பணம் கொடுக்கும் முன் உங்கள் களத்திலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

பில் வாங்காமல் வராதீர்கள். விவசாய டிராக்டருக்கும் நிலம் பண்படுத்தும் கருவிகளுக்கும் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. சாலைப் பணிக் கருவி என்று பில் போட்டால் விகிதம் மாறும். எச்.எஸ்.என். எண்ணைப் பார்த்து உங்கள் கணக்காளரிடம் காட்டுங்கள். விவசாயத்துக்குப் பதிவான டிராக்டரை ஊருக்கெல்லாம் வாடகைக்கு ஓட்டுவதாக இருந்தால், இன்சூரன்ஸ் செல்லுமா என்று முதலில் விசாரியுங்கள்.

வேலை செய்யும்போது

மண்ணை அரை அடிக்கு மேல் ஒரே அடுக்காகக் கொட்ட வேண்டாம். பரப்பி, நீர் தெளித்து, உருளை ஓட்டி, பிறகு அடுத்த அடுக்கு. பிடித்தால் உருண்டையாகி, விட்டால் உதிரும் ஈரம்தான் சரியான பதம். பின்னால் வரும்போது கடைப் பையன்களும் குழந்தைகளும் அருகில் இருக்கக் கூடாது. நிறுத்தினால் பிளேடைத் தரையில் இறக்கிவிட்டே இறங்க வேண்டும்.

ஆண்டுக்கு நான்கு நாள் வேலைக்கு ஆளுக்கொரு பிளேடு எதற்கு? ஒரே தெருவில் ஐந்து கடைக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கி, நோட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்ளலாம். ஐப்பசி அடைமழை யாருக்காகவும் காத்திருக்காது. ஆவணியில் வாட்டம் பார்த்து, புரட்டாசிக்குள் களத்தை முடித்து, வாய்க்காலில் அடைத்திருக்கும் பிளாஸ்டிக் பையையும் எடுத்துவிட்டால், மழைக்காலத்தில் மூட்டையை நினைத்து விழித்திருக்க வேண்டியதில்லை.