பால்மரத்தின் காவல்

தாப்பா வட்டாரத்தில் பால்மரங்கள் நின்ற நிலங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கின்றது. ஆயினும் பால் வெட்டிய பெரியோர் ஒன்றை நன்கு அறிவர். விடியற்காலையில் பட்டையைச் சீவியதும் பால் வழிந்து மங்கில் இறங்கும். சில மணி நேரத்தில் வெட்டு வாயிலேயே உறைந்து நின்றுவிடும். அவ்வாறு உறைவதற்கு உதவும் பொருள்களுள் ஒன்று பூஞ்சணத்தையும் எதிர்க்கிறது என்பது பலரும் அறியாத செய்தி.

பாலினுள் லூட்டாய்டு எனப்படும் நுண்ணிய பைகள் மிதக்கின்றன. உளி பட்டதும் அவற்றுள் பல உடைந்து, ஹெவின் என்னும் பொருளை வெளிவிடுகின்றன. அது 43 அமினோ அமிலங்களை மணிகளெனக் கோத்த சிறு புரதம். இத்தகையவற்றைப் பெப்டைடு என்பர். ஆர்ச்சர் என்னும் ஆய்வாளர் 1960இல் அதனைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். பல பூஞ்சணங்களின் வளர்ச்சியை அது தடுப்பதை 1991இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பூஞ்சணத்தின் சுவரிலுள்ள கைட்டின் என்னும் பொருளை ஹெவின் பற்றிக்கொள்கிறது.

இக்காவல் முழுமையானதன்று. மழைக்காலத்தில் வெட்டுப்பட்டையைக் கெடுக்கும் கறுங்கோட்டு நோயைப் பால் வெட்டியோர் கண்டிருப்பர். அதனை உண்டாக்கும் கிருமியின் சுவரில் கைட்டின் மிகக் குறைவு. ஹெவின் பற்றுவதற்கு அங்கே இடமில்லை.

இதனை நாம் எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. அண்டிபயோட்டிக் எனப்படும் கிருமிக்கொல்லி மருந்துகளுக்குப் பல பாக்டீரியாக்கள் இன்று அடங்குவதில்லை. ஆகவே செடிகொடிகளின் பெப்டைடுகளிலிருந்து புதிய மருந்து கிடைக்குமா என ஆராய்கின்றனர். நம் வேலியோரச் சங்குப்பூக் கொடியிலும் பாக்டீரியாவை எதிர்க்கும் பெப்டைடுகள் இருப்பதைச் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்டனர்.

ஆயினும் ஆய்வுக்கூடத்து வெற்றி வேறு, மருந்து வேறு. பெப்டைடுகளுள் பல, விழுங்கினால் உணவைப்போல் செரித்துவிடும். கிருமிகளும் சும்மா இருப்பதில்லை. கோலிஸ்டின் என்பது பாக்டீரியாவிலிருந்து எடுக்கப்படும் பெப்டைடு மருந்து. வேறெதற்கும் அடங்காத நோய்க்கெனக் காத்து வைத்திருப்பது. அதனையும் வெல்லும் திறன் ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவது 2015இல் தெரியவந்தது. உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கு அதனைக் கொடுப்பதை மலேசியா 2019இல் தடைசெய்தது. நிலைமை இவ்வாறிருக்க, மருத்துவர் ஐந்து நாளைக்கெனத் தந்த மாத்திரையை இரண்டாம் நாளிலேயே நிறுத்தி, மீதியை அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பதை என்னென்பது!

ஹெவின் இன்னும் மருந்தாகவில்லை. ரப்பர்க் கையுறை அணிவோரிடம் ஒவ்வாமையை உண்டாக்கும் புரதங்களுள் அதுவும் ஒன்று. சிலருக்குத் தடிப்பும் மூச்சுத் திணறலும் ஏற்படும். ஆதலின் மரத்துப் பாலைப் புண்ணில் தடவுதல் கூடாது.