ஏறி இறங்கும் ரத்த அழுத்தம்

ஸ்ரீவராகம் திருவனந்தபுரத்தில் உள்ளது. கிழக்கே கோட்டைக்கு அருகில் இருக்கும் பகுதி. வராக மூர்த்தி கோயிலும் பெரிய குளமும் இங்கு உண்டு. இந்த ஊரில் மட்டுமல்ல, கேரளம் முழுவதுமே சர்க்கரை நோய் அதிகம். 2023-இல் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வெளியானது. கேரளத்தில் பெரியவர்களில் 4 பேரில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது சொன்னது.

சர்க்கரை நோய் உள்ள பலருக்கு ரத்தக் கொதிப்பும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் இதயத்துக்கு ஆபத்து. மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ஆபத்து.

ரத்த அழுத்தம் என்றால் என்ன?

இதயம் ரத்தத்தைக் குழாய்களில் தள்ளுகிறது. அப்போது ரத்தம் குழாயின் சுவரை அழுத்துகிறது. அதுதான் ரத்த அழுத்தம். தூங்கும்போது அது குறையும். படி ஏறினால் கூடும். இது இயற்கை.

ஒருவருக்கு ஒரு மாதம் 130. அடுத்த மாதம் 165. அதற்கு அடுத்த மாதம் 120. இது நல்லதல்ல. சர்க்கரை நோயாளிகளில் இப்படி ஏற்ற இறக்கம் அதிகம் உள்ளவர்களுக்கு இதய நோயும் பக்கவாதமும் அதிகம் வருவதை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள்.

ஏன் இப்படி ஆகிறது?

புது ரப்பர் குழாய் வளையும், விரியும். பழைய குழாய் விறைத்துவிடும். நெடுநாள் சர்க்கரை கூடியிருந்தால் ரத்தக் குழாயும் அப்படி விறைக்கிறது. அழுத்தத்தைச் சீராக வைக்கும் நரம்புகளும் கெடுகின்றன. அதனால் சிலருக்கு எழுந்து நின்றதும் தலை சுற்றும்.

இன்னொரு காரணம் நம் கையில் இருக்கிறது. "இன்று நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். நன்றாக இருப்பதே மாத்திரையால்தான்!

1998-இல் பிரிட்டனில் ஓர் ஆய்வு முடிவு வந்தது. 1148 சர்க்கரை நோயாளிகளைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். ரத்த அழுத்தத்தை நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 44 சதவீதம் குறைந்தது.

என்ன செய்ய வேண்டும்?

மாத்திரையைத் தினமும் ஒரே நேரத்தில் சாப்பிடுங்கள். ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளை இரண்டாகச் சாப்பிடாதீர்கள். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். அரசு ஆரோக்கிய நிலையங்களில் மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது.

ஒரு நாளைக்கு உப்பு ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். ஊறுகாய், பப்படம், கருவாடு எல்லாவற்றிலும் உப்பு இருக்கிறது. பீடியும் புகையிலையும் வேண்டவே வேண்டாம்.

அழுத்தம் பார்க்கும் முன் 5 நிமிடம் அமைதியாக உட்காருங்கள். அரை மணி நேரத்துக்கு முன் காப்பி, டீ குடிக்க வேண்டாம். அளக்கும்போது பேசாதீர்கள். தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த நோட்டை டாக்டரிடம் காட்டுங்கள். ஒரு நாள் கணக்கு போதாது. பல மாதக் கணக்கைப் பார்த்தால்தான் ஏற்ற இறக்கம் தெரியும்.

முகம் கோணினால், பேச்சு குழறினால், ஒரு கை தளர்ந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

எழுதப் படிக்கக் கற்ற கை, இந்த நோட்டையும் எழுதட்டும். அது உயிரைக் காக்கும்.