வீட்டு மோடமும் ஒரு பாலமே

மேட்டுப்பாளையத்தில் அகல இரயிலை விட்டு இறங்கி, மூட்டை முடிச்சுகளைத் தூக்கிக்கொண்டு, நமது மலை இரயிலில் மாறி ஏறாதவர் நம்மிடையே அரிது. தண்டவாளத்தின் அகலம் அங்கே மாறிவிடுவதால் வந்த வண்டி மேலே ஏற இயலாது. ஆட்கள்தாம் இறங்கி ஏறவேண்டும். குன்னூரில் நடப்பதோ வேறு. அங்கே நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினைப் பூட்டுகிறார்கள். பெட்டிகள் மாறுவதில்லை, பயணிகள் இருந்த இடத்திலேயே இருந்து வேடிக்கை பார்க்கிறார்கள். பிறகு வெலிங்டன், அரவங்காடு, அடுத்து நம் கேத்தி.

இவ்விரண்டு நிலையங்களின் வேற்றுமையை மனத்தில் நிறுத்திக்கொண்டால், இணைய மோடத்தில் 'ரவுட்டர்' முறை என்றும் 'பிரிட்ஜ்' முறை என்றும் சொல்லப்படுவன எவை என்பது எளிதில் விளங்கிவிடும். ரவுட்டர் முறையில் மோடம் மேட்டுப்பாளையத்தைப் போன்றது. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு செய்திப் பொட்டலத்தையும் அது இறக்கி, முகவரியை மாற்றி எழுதி, வீட்டிற்குள் வேறு வண்டியில் ஏற்றி அனுப்புகிறது. பிரிட்ஜ் முறையில் அதே மோடம் குன்னூராகிவிடுகிறது. இழுக்கும் எஞ்சின் மட்டும் மாறுகிறது. அதாவது தொலைபேசிக் கம்பியின் மின்னலைகள் கணினிக் கம்பியின் மின்னலைகளாகின்றன. உள்ளே இருக்கும் பொட்டலத்தை மோடம் பிரித்துப் பார்ப்பதே இல்லை. பிரிட்ஜ் என்ற சொல்லுக்குப் பாலம் என்றுதானே பொருள்? பாலம் தன்மேல் செல்பவரிடம் பெயர் கேட்பதில்லை.

தொலைபேசிக் கம்பியில் இணையம் எப்படி வந்தது என்பதைச் சற்றுப் பார்ப்போம். நமது பேச்சொலிக்குத் தொலைபேசி ஒதுக்கும் இடம் மிகச் சிறியது. வினாடிக்கு ஏறத்தாழ 300 முதல் 3,400 அதிர்வுகள் வரையே. செம்புக் கம்பியோ பல இலட்சம் அதிர்வுகளைத் தாங்கவல்லது. அந்த மேல்மாடி நெடுங்காலம் காலியாகவே கிடந்தது. டி.எஸ்.எல். என்னும் முறை அங்கே குடியேறிற்று. 25,000 அதிர்வுகளுக்குச் சற்று மேலே தொடங்கி 1,38,000 வரை நாம் அனுப்புவதற்கும், அதற்கு மேல் 11 இலட்சம் வரை (ஏ.டி.எஸ்.எல். 2 பிளஸ் என்பதில் 22 இலட்சம் வரை) நாம் பெறுவதற்கும் என்று பிரித்துக்கொண்டார்கள். வீட்டில் இருப்போர் அனுப்புவதைவிடப் பெறுவதே அதிகம் என்பதால் இந்த ஓரவஞ்சனை. ஒரே கம்பியில் பாட்டி பேசிக்கொண்டிருக்க, பேத்தி பாடம் பார்ப்பது இதனால்தான் இயல்வதாயிற்று.

பி.எஸ்.என்.எல். நிறுவனம் 'டேட்டாஒன்' என்ற பெயரில் இச்சேவையை 2005 சனவரியில் தொடங்கியது. நமது மலை இரயில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானதும் அதே ஆண்டில்தான். அன்று வினாடிக்கு 256 கிலோபிட் கிடைத்தாலே அகலப்பாட்டை என்று அரசின் 2004ஆம் ஆண்டுக் கொள்கை ஏற்றுக்கொண்டது. 2023 முதல் 2 மெகாபிட்டாவது இருந்தால்தான் அப்பெயர்.

சரி, மோடமே எல்லா வேலையையும் செய்யும்போது அதை வெறும் பாலமாக்குவானேன்? பழைய மோடத்தில் கம்பியில்லா வைஃபை இல்லாதிருக்கலாம், அல்லது அடுத்த அறைக்கே எட்டாததாயிருக்கலாம். அதற்காகப் புதிய ரவுட்டர் ஒன்றை வாங்கி மோடத்துடன் இணைத்தால், இருவரும் முகவரியை மாற்றி எழுதத் தொடங்குகிறார்கள். ஒரு பயணத்தில் இரண்டு மேட்டுப்பாளையங்கள்! சாதாரணமாய்ப் பக்கங்களைப் படிப்பதற்கு இதனால் தடையில்லை. ஆனால் அலுவலகத்தோடு தனிவழி இணைப்பு வைத்திருக்கும் தந்தைக்கும், வீட்டுக் காமிராவை வெளியூரிலிருந்து பார்க்க விரும்பும் தாய்க்கும் தொல்லை நேரிடும். வேலை முழுவதையும் வலுவான புதிய ரவுட்டரிடம் விட்டுவிட்டு, மோடத்தைப் பாலமாக்குவதே சீரான வழி.

செய்முறைக்கு வருவோம். முதலில் கையில் இருக்கவேண்டியது இணைப்பின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும். இதுவரை அவற்றை மோடம் தன் வயிற்றுக்குள் வைத்திருந்தது. திரையில் கேட்டால் வெறும் புள்ளிகளைத்தான் காட்டும். தெரியாதவர்கள் நிறுவனத்தாரிடம் கேட்டுக் குறித்துக்கொண்ட பிறகே தொடங்கவேண்டும். இல்லாவிடில் பாதி வழியில் நிற்க நேரிடும்.

கணினியையும் மோடத்தையும் கம்பியால் இணையுங்கள். பிரவுசரில் 192.168.1.1 என்று இட்டால் பெரும்பாலான மோடங்களின் உள்பக்கம் திறக்கும்; எண் வேறாயின் மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும். அங்கே இணைப்பு பற்றிய பக்கத்தில் வி.பி.ஐ., வி.சி.ஐ. என்று இரண்டு எண்கள் இருக்கும். பி.எஸ்.என்.எல். இணைப்புகளில் அவை 0, 35 என்றே வழக்கமாக இருந்தன. இருக்கும் எண்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அவற்றை மாற்றவேண்டாம். 'பி.பி.பி.ஓ.இ.' என்றிருக்கும் இணைப்பு வகையை மட்டும் 'பிரிட்ஜ்' என்று மாற்றவேண்டும்.

அடுத்து, வீட்டிலுள்ள கருவிகளுக்கு எண் வழங்கும் டி.எச்.சி.பி. என்னும் வேலையையும், வைஃபை இருந்தால் அதையும் மோடத்தில் நிறுத்திவிடவேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. டி.எச்.சி.பி.யை நிறுத்திய நொடியிலிருந்து கணினிக்கு எண் கொடுக்க ஆள் இல்லை. ஆகவே அதற்கு முன்பே கணினிக்கு 192.168.1.2 என்ற எண்ணை நாமாகவே கொடுத்துவைத்தால், மோடத்தின் பக்கம் மறைந்து போகாது. சேமித்து, மோடத்தை அணைத்து ஏற்றியபின், அதன் கம்பியைப் புதிய ரவுட்டரில் 'வேன்' அல்லது 'இன்டர்நெட்' என்று எழுதியிருக்கும் துளையில் செருகவேண்டும். மற்றத் துளைகளில் செருகுவது பயனற்றது. இனி ரவுட்டரின் பக்கத்தில் 'பி.பி.பி.ஓ.இ.' வகையைத் தேர்ந்து, பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால் இணைப்பு வந்துவிடும். ரவுட்டரும் தன் எண் 192.168.1.1 என்று சொல்லுமானால் அதை 192.168.0.1 என்று மாற்றிவிடுங்கள். ஒரே கதவெண்ணில் இரண்டு வீடுகள் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? கணினிக்கு நாம் கொடுத்த எண்ணையும் நீக்கி, பழையபடி தானாகப் பெறுமாறு விட்டுவிடுங்கள். ரவுட்டரின் பூர்வீகக் கடவுச்சொல்லை அன்றே மாற்றுவது நலம். ரவுட்டர் இல்லாமல், பாலமாக்கிய மோடத்தோடு கணினியை நேராக இணைப்போருக்கும் ஒரு சொல்: இடையில் காவலர் இல்லாத நிலை அது, கணினியின் தற்காப்புச் சுவர் இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் செய்தும் இணையம் வரவில்லையென்றால்? விளக்குகளைப் பாருங்கள். 'டி.எஸ்.எல்.' விளக்கு அசையாமல் எரிந்தால் எக்ஸ்சேஞ்ச் வரை கம்பி நலமாயிருக்கிறது. 'இன்டர்நெட்' விளக்கு அணைந்திருப்பதைக் கண்டு கலங்குவோர் பலர். பாலமாக்கிய பல மோடங்களில் அவ்விளக்கு எரியவே எரியாது. கடவுச்சொல் கொடுப்பது இப்போது அதன் வேலையன்று. டி.எஸ்.எல். எரிகிறது, ஆனால் ரவுட்டர் 'இணைக்கிறேன், இணைக்கிறேன்' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது என்றால், மறுமுனையிலிருந்து பதிலே வரவில்லையா, மறுப்பு வருகிறதா என்று பிரித்தறியவேண்டும். பழைய விண்டோஸ் கணினியில் நேராக அழைத்துப் பார்த்தால் முன்னதற்கு 678 என்றும் பின்னதற்கு 691 என்றும் பிழை எண் தோன்றும். 678 என்றால் வி.பி.ஐ., வி.சி.ஐ. எண்களையும் கம்பி செருகிய துளையையும் சரிபாருங்கள். 691 என்றால் பெயரோ கடவுச்சொல்லோ தவறு. அல்லது பழைய இணைப்பு மறுமுனையில் இன்னும் முடிக்கப்படாமல் இருக்கிறது. பின்னதாயின் மோடத்தைச் சில நிமிடங்கள் அணைத்து வைப்பதே மருந்து.

சில பக்கங்கள் வருகின்றன, சில பாதியில் நிற்கின்றன என்ற விந்தையான நோயும் உண்டு. ஒரு பொட்டலத்தின் அளவு 1,500 பைட். அதில் 8 பைட்டை பி.பி.பி.ஓ.இ. தன் முத்திரைக்காக எடுத்துக்கொள்கிறது. ரவுட்டரில் எம்.டி.யு. என்ற இடத்தில் 1492 என்று எழுதினால் பெரும்பாலும் தீரும்.

டி.எஸ்.எல். விளக்கே சிமிட்டிக்கொண்டிருந்தால் குறை கம்பியில். நம் மலையில் இதுவே பெரும்பாடு. எதிர்க்குன்றில் கண்ணுக்கு நேரே தெரிகிற எக்ஸ்சேஞ்ச்கூட, கம்பியின் வழியில் பள்ளத்தாக்கைச் சுற்றிவரும் தொலைவில் இருக்கலாம். 5 கிலோமீட்டரைத் தாண்டினால் டி.எஸ்.எல். திணறும். போதாதற்கு ஈரம். 2009 நவம்பர் 10ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் கேத்தியில் 82 சென்டிமீட்டர் மழை பதிவான ஊர் நம்முடையது. அவ்வளவு பெய்யவேண்டியதில்லை, ஒரு வாரப் பனிமூட்டமே கம்பி இணைப்புகளில் பச்சைக் களிம்பு ஏறப் போதும். மோடத்தின் உள்பக்கத்தில் 'எஸ்.என்.ஆர். மார்ஜின்' என்று ஓர் அளவு காட்டப்படும். அது 10 டெசிபலுக்கு மேல் இருந்தால் கவலையில்லை. 6க்குக் கீழே இறங்கினால் இணைப்பு அடிக்கடி அறுபடும். வெயில் நாளிலும் மழை நாளிலும் அதைக் குறித்து வைத்திருந்தால், பழுது பார்க்க வருபவரிடம் பேச நமக்கு ஆதாரம் இருக்கும்.

2021 சூலையில், பள்ளிகள் மூடிக்கிடந்து பாடங்கள் கணினியில் நடந்த காலத்தில், பள்ளத்தாக்கின் கீழ்ப்புறம் வசிக்கும் மாணவி ஒருத்திக்கு நாள்தோறும் வகுப்பு நடுவே இணைப்பு அறுந்தது. வருகைப் பதிவும் போயிற்று. மோடம் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து, அவளது அம்மா சீட்டுப் பணத்தை எடுத்துப் புதியது வாங்க இருந்தார். விளக்கைக் கவனித்ததில் ஓர் உண்மை வெளிப்பட்டது: தொலைபேசி மணி அடிக்கும்போதெல்லாம் டி.எஸ்.எல். விளக்கு அணைந்தது. பாட்டியின் அறையிலிருந்த இரண்டாவது தொலைபேசி, ஒலியையும் இணையத்தையும் பிரிக்கும் 'ஸ்ப்ளிட்டர்' என்ற சிறு பெட்டிக்கு முன்னாலேயே கம்பியில் இணைக்கப்பட்டிருந்தது. அந்த இணைப்பும் கூரை ஓரத்தில் நனைந்தபடி இருந்தது. கம்பியை வீட்டிற்குள் கொண்டுவந்து, முதலில் ஸ்ப்ளிட்டர், அதன் பிறகே இரண்டு தொலைபேசிகளும் என்று மாற்றியதும் வகுப்பு நின்றதில்லை. புதிய மோடம் தேவைப்படவில்லை. (மணி அடிக்கும்போது தொலைபேசிக் கம்பியில் 75 வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் பாயும், வெறுங்கையால் தொடவேண்டாம். இடி மின்னலின்போது மின்செருகியை மட்டுமன்றித் தொலைபேசிக் கம்பியையும் கழற்றிவிடுங்கள்.)

பாலங்களைப் பற்றிப் பேசும்போது மாணவியர் அறியவேண்டிய பெயர் ஒன்று உண்டு. ஒரு கம்பியின் இரு முனைகளையும் தவறுதலாக ஒரே ஸ்விட்சில் செருகிவிட்டால் விளக்குகள் எல்லாம் வெறிபிடித்தாற்போல் சிமிட்டும், இணையம் நின்றுவிடும். காரணம், பாலங்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் பொட்டலம் வட்டத்தில் முடிவின்றிச் சுற்றிப் பெருகுவதே. பெரிய வலைகளில் இதைத் தடுக்கும் முறையை அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ரேடியா பெர்ல்மன் என்னும் பெண்மணி கண்டுபிடித்து 1985இல் வெளியிட்டார். பாலங்கள் தமக்குள் பேசி ஒன்றை வேராகத் தேர்ந்துகொள்கின்றன. வட்டத்தை உண்டாக்கும் வழிகளை மூடி, மரத்தின் கிளைகளைப்போல் மட்டும் இணைந்திருக்கின்றன. வழி ஒன்று அறுந்தால் மூடிய வழி தானாகத் திறக்கும். இம்முறையை விளக்க அவர் தம் கட்டுரையிலேயே ஒரு சிறு கவிதையும் எழுதிச் சேர்த்தார் என்பது நமக்கு மிகவும் பிடித்த செய்தி. வீடுகளில் உள்ள மலிவான ஸ்விட்சுகளுக்குப் பெரும்பாலும் இந்த அறிவு கிடையாது. வட்டக் கம்பியை நாமே தேடிப் பிடுங்கவேண்டும்.

இன்று பல வீடுகளில் செம்புக் கம்பி போய்க் கண்ணாடி இழை வந்துவிட்டது. அதன் பெட்டியிலும் ரவுட்டர், பிரிட்ஜ் என்ற இரு முறைகளும் உண்டு, வி.பி.ஐ., வி.சி.ஐ.க்குப் பதிலாக 'வி-லேன்' என்ற ஓர் எண்ணைக் குறித்துக்கொள்ளவேண்டும், மற்றவை முன் சொன்னபடியே. ஈரம் இழையை வருத்துவதில்லை. ஆனால் அதைக் கூர்மையாக மடித்தால் ஒளி கசிந்துவிடும். 'லாஸ்' என்ற சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். இழை எங்கேனும் மடிந்து நசுங்கியிருக்கிறதா என்று வீட்டிற்குள் பார்த்துவிட்டு, இல்லையென்றால் நிறுவனத்தாருக்குச் சொல்லியனுப்பவேண்டியதுதான். அதற்கு மேல் பெட்டியின் எண்களை மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை.