பாட்டை ஆளும் பலகை

ஆடி மாதம் பிறந்துவிட்டால் குறிஞ்சிப்பாடி, வடலூர், சிதம்பரம் வட்டாரத்து மைக் செட்காரர்களுக்கு ஓய்வு இராது. கூழ் வார்த்தல், செடல், தீமிதி என்று ஊருக்கு ஊர் திருவிழா. ஆவணி பிறந்தால் கல்யாணங்கள். ஒரு காலத்தில் இவர்களுடைய முதலீடு என்பது ஓர் இசைத்தட்டுச் சுழலி, ஓர் ஆம்ப்ளிஃபயர், மரக்கிளையில் கட்டும் இரண்டு கூம்புக் குழாய்கள், அவ்வளவுதான். பிறகு ஒலிநாடா வந்தது, குறுந்தகடு வந்தது. இன்று அதே மேசைமேல் மடிக்கணினி உட்கார்ந்திருக்கிறது. 2011-ஆம் ஆண்டில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபின், கிராமத்து வீடுகளிலும் அது புதுமைப் பொருளாக இல்லை.

கல்யாண வரவேற்புக்கு அழைப்பவர்கள் இப்போது வெறும் பாட்டு மட்டும் கேட்பதில்லை; 'டி.ஜே. உண்டா?' என்று கேட்கிறார்கள். ஒரு பாட்டு முடியுமுன்பே அடுத்த பாட்டைத் தாளம் பிசகாமல் அதனோடு இணைத்து, ஆடுகிறவர்களின் கால் நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் இந்தக் கலை. இதற்கு மவுஸ் போதாது. மவுசின் அம்புக்குறி ஒரு நேரத்தில் ஒரு பொத்தானைத்தான் தொடும். நமக்கோ இரண்டு கைகள். ஒரு பாட்டைத் தாழ்த்தும்போதே மற்றதை உயர்த்தவேண்டும். ஆகவே சக்கரங்களும் நகர்த்திகளும் பொத்தான்களும் கொண்ட கன்ட்ரோலர் என்னும் பலகையைக் கணினியோடு இணைக்கிறார்கள்.

சிறிய மைக் செட் கடைக்கு இதன் விலை ஒரு பருவத்து வருமானத்தையே விழுங்கிவிடக் கூடியது. ஆனால் கடையில் பெரும்பாலும் பலகையின் வண்ண விளக்குகளே விற்பனையை முடித்துவைக்கின்றன. எதைப் பார்த்து வாங்கவேண்டும்? பள்ளி இயற்பியலும் சிறிது பெருக்கல் வகுத்தலும் தெரிந்தால் போதும், விடை கிடைத்துவிடும்.

பலகை பாடுவதில்லை

முதலில் ஓர் உண்மையை மனத்தில் கொள்ளுங்கள். கன்ட்ரோலரின் சக்கரமும் பொத்தானும் ஒலியை எழுப்புவதில்லை. பாட்டு இருப்பது கணினியில். அதைக் கலப்பதும் கணினியிலுள்ள மென்பொருளே. பலகை உங்கள் கையசைவை எண்களாக மாற்றிக் கணினிக்கு அனுப்புகிறது. இந்த எண்களுக்குப் பொதுவான ஒரு மொழி 1983-இல் வகுக்கப்பட்டது. அதன் பெயர் 'மிடி'. வெவ்வேறு நிறுவனங்களின் மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக ஏற்பட்ட அந்த மொழியையே இன்றைய கன்ட்ரோலர்களில் பலவும் பேசுகின்றன.

ஆகவே நாம் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. எண்கள் எவ்வளவு நுண்மையானவை? அவை எவ்வளவு விரைவில் ஒலியாகின்றன? அந்த ஒலி எந்த வழிகளில் வெளியே வருகிறது?

நூற்று இருபத்தெட்டுப் படிகள்

மிடி மொழியில் ஒரு சாதாரண அளவு 0 முதல் 127 வரையுள்ள ஓர் எண். அதாவது மொத்தம் 128 படிகள். ஒலியளவைக் கூட்டிக் குறைக்க இது தாராளமாகப் போதும். ஆனால் பாட்டின் வேகத்தை மாற்றும் நகர்த்திக்குப் போதுமா? கணக்கிட்டுப் பார்ப்போம்.

இந்த நகர்த்தி வழக்கமாக வேகத்தை 8% கூட்டவும் 8% குறைக்கவும் வல்லது. இசைத்தட்டுக் கலைஞர்களிடம் புகழ்பெற்ற, ஜப்பானின் டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200 வரிசைச் சுழலிகளிலிருந்து வந்த வழக்கம் இது. ஆக மொத்த வீச்சு 16%. இதை 128 படிகளாகப் பிரித்தால் ஒரு படி ஏறத்தாழ 0.125%. நமக்கு வேண்டிய வேகம் இரண்டு படிகளுக்கு நடுவில் விழுந்தால் பிழை 0.06% வரை இருக்கும். அற்பம் என்று தோன்றுகிறதல்லவா? ஒரு நிமிடத்தில் 60,000 மில்லி விநாடிகள். அதில் 0.06% என்றால் 36 மில்லி விநாடிகள்! இரண்டு பாட்டுகளின் தாளமும் ஒரு நிமிடத்தில் அவ்வளவு விலகிவிடும். பம்பை அடிபோன்ற கூர்மையான ஒலிகள் இந்த அளவு விலகினால் 'தம்' என்ற ஓர் அடி 'ததம்' என்று இரண்டாகக் கேட்கும்.

இந்தக் குறையைப் போக்க இரண்டு எண்களைச் சேர்த்து அனுப்பும் முறை உண்டு. அப்போது படிகள் 128 × 128, அதாவது 16,384 ஆகின்றன. ஒரு நிமிட விலகல் ஒரு மில்லி விநாடிக்கும் குறைவு. வாங்கும் கன்ட்ரோலர் இதில் எந்த வகை என்று எப்படி அறிவது? மென்பொருளைத் திறந்து, வேக நகர்த்தியை மெல்ல மெல்ல நகர்த்துங்கள். திரையில் விழுக்காடு 0.12, 0.25, 0.37 என்று தாவினால் அது பழைய வகை. 0.01, 0.02 என்று நழுவிச் சென்றால் நுண்மையான வகை. மென்பொருளே தாளத்தைச் சேர்த்துவிடும் 'சிங்க்' வசதி இருக்கிறதே என்பீர்கள். அடி சீராக விழும் பாட்டுகளில் அது நன்றாகவே உதவும். ஆனால் பம்பை, உடுக்கை போன்றவை இடம்பெறும் பல பதிவுகளில் வேகம் ஏறி இறங்கும். அங்கே கைதான் துணை.

சக்கரத்துக்கும் இதே விதி. பல கன்ட்ரோலர்களில் சக்கரத்துக்கு அடியில் துளைகளோ கோடுகளோ உள்ள தட்டு ஒன்று சுழல்கிறது. விளக்கொளியை அது மறைத்து மறைத்து விடும்போது துடிப்புகள் உண்டாகின்றன. சற்றே தள்ளிவைத்த இரண்டு ஒளியுணர்விகளில் எது முதலில் துடிக்கிறது என்பதைக் கொண்டு சுழலும் திசை தெரிகிறது. நெடுநேர இசைத்தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும். ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. அதே வேகத்தில் சக்கரத்தைச் சுற்றும்போது, சுற்றுக்கு 128 துடிப்புகள் மட்டுமே வந்தால் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 14 மில்லி விநாடி. ஆயிரத்துக்கு மேற்பட்ட துடிப்புகள் வந்தால் இரண்டு மில்லி விநாடிக்கும் குறைவு. விரலுக்கும் ஒலிக்கும் உள்ள நெருக்கம் இதில் அடங்கியிருக்கிறது.

பதினாறு மீட்டர் தொலைவிலுள்ள பம்பை

இனி விரைவு. கணினி ஒலியை ஒவ்வொரு துளியாக வெளியே விடுவதில்லை. குடத்தில் நீரை நிரப்பி ஊற்றுவதுபோல், ஒரு தொகுதி ஒலி மாதிரிகளைச் சேர்த்துக்கொண்டு பிறகு அனுப்புகிறது. விநாடிக்கு 44,100 மாதிரிகள் என்று கொள்வோம். ஒரு தொகுதியில் 512 மாதிரிகள் இருந்தால் தாமதம் 11.6 மில்லி விநாடி. 2,048 இருந்தால் 46 மில்லி விநாடி.

இதன் பொருள் என்ன? காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 345 மீட்டர் செல்கிறது. 11.6 மில்லி விநாடி என்பது நான்கு மீட்டர் தொலைவிலிருந்து ஒலி வந்து சேரும் நேரம். 46 மில்லி விநாடியோ பதினாறு மீட்டருக்கான நேரம். பம்பைக்காரர் தம் பம்பையைப் பதினாறு மீட்டர் தள்ளி வைத்துவிட்டு இங்கிருந்து அடித்தால் எப்படியிருக்கும்? குடத்தை மிகச் சிறியதாக்கினாலும் தொல்லையே. பழைய கணினி அதை உரிய நேரத்தில் நிரப்ப முடியாமல் திணறும். பாட்டில் 'பட் பட்' என்ற வெடிப்பு கேட்கும். எனவே விலையுயர்ந்த பலகையை நலிந்த கணினியோடு இணைப்பதில் பயனில்லை. விண்டோஸ் கணினியானால், கன்ட்ரோலருக்குரிய 'ஏசியோ' இயக்கி மென்பொருள் கிடைக்கிறதா என்று கேளுங்கள்; தாமதம் குறைய அது உதவும்.

தாமதத்தை நீங்களே அளக்கலாம். கைப்பேசியின் ஒலிப்பதிவை ஓடவிட்டு, பலகைக்கும் ஒலிபெருக்கிக்கும் அருகில் வையுங்கள். பொத்தானை நகத்தால் ஓங்கித் தட்டி ஒரு பம்பை அடியை ஒலிக்கச் செய்யுங்கள். பதிவின் அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டு முகடுகள் தெரியும்: ஒன்று நகம், மற்றது ஒலிபெருக்கி. இடைவெளியே தாமதம்.

ஒலி வெளியே வரும் வழி

அடுத்த பாட்டை, கூட்டம் கேட்குமுன் இயக்குபவர் தம் காதில் மட்டும் கேட்டுச் சரிபார்க்கவேண்டும். ஆகவே கூட்டத்துக்கு இரண்டு, காதணி ஒலிபெருக்கிக்கு இரண்டு என நான்கு தனித்தனி ஒலித்தடங்கள் வேண்டும். மடிக்கணினியின் ஒற்றைத் துளை பொதுவாக இரண்டைத்தான் தரும். ஆகவே ஒலிச்சுற்று உள்ளேயே அமைந்த கன்ட்ரோலராக வாங்குங்கள். அது இல்லாத மலிவுப் பலகைக்குத் தனி ஒலிச்சுற்று வாங்கும் செலவு பின்னால் வந்து சேரும்.

அடுத்து, பின்புறத் துளைகளைப் பாருங்கள். சாதாரண ஆர்.சி.ஏ. கம்பியில் சில மீட்டருக்குமேல் ஒலியை அனுப்பினால், அருகில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் உறுமல் ஏறிக்கொள்ளக்கூடும். மூன்று முனைகள் கொண்ட எக்ஸ்.எல்.ஆர். கம்பியில் ஒரே ஒலி இரண்டு கம்பிகளில் எதிரெதிராகச் செல்கிறது. உறுமலோ இரண்டிலும் ஒரே மாதிரி ஏறுகிறது. மறுமுனையில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும்போது உறுமல் மறைகிறது, ஒலி இரட்டிக்கிறது. பந்தலின் ஒரு மூலையில் மேசையும் மறு மூலையில் ஆம்ப்ளிஃபயரும் இருக்கும் நம் ஊர் ஏற்பாட்டுக்கு இது பெரும் நன்மை.

மின்சாரம் நின்று ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும் இடைவெளியையும் எண்ணிப் பாருங்கள். கணினியின் யு.எஸ்.பி. துளையிலிருந்தே 5 வோல்ட் மின்சாரம் பெறும் பலகை, கணினி மின்கலத்தின் தயவில் தொடர்ந்து இயங்கும். தனி அடாப்டர் வேண்டிய பலகை அணைந்து எழும்.

கடைசியாக மென்பொருள். சில பலகைகளுடன் வருவது குறைந்த வசதிகளுள்ள பதிப்பு. முழுப் பதிப்புக்குத் தனிக் கட்டணம். 'மிக்ஸ்' என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. நீங்கள் வாங்கப்போகும் பலகை அதனோடு இயங்குமா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

மாணவர்களே, உங்கள் தெருவில் மைக் செட் வைத்திருக்கும் அண்ணன் சீட்டுப் பணம் எடுத்துக்கொண்டு கடலூருக்கோ சென்னைக்கோ கன்ட்ரோலர் வாங்கப் புறப்பட்டால், நீங்களும் உடன் செல்லுங்கள். நகர்த்தியை மெல்ல நகர்த்திப் பாருங்கள். பொத்தானைத் தட்டித் தாமதத்தை அளந்து பாருங்கள். பின்புறத் துளைகளை எண்ணிப் பாருங்கள். விளக்குகளைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.