யாருடைய இசை, யாருடைய இரைச்சல்? குடியிருப்புப் பகுதி இசைவிழாக்களும் அனுமதிச் சட்டமும்

2023 செப்டம்பர் 10 அன்று சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில், பனையூரை ஒட்டிய திறந்தவெளியில் ஏ.ஆர். ரகுமானின் ‘மறக்குமா நெஞ்சம்’ இசை நிகழ்ச்சி நடைபெற்றது. நுழைவுச்சீட்டு வாங்கிய பலர் உள்ளே செல்ல இயலாமல் திரும்பினர். நெரிசலில் பெண்களும் குழந்தைகளும் தவித்தனர். முதலமைச்சரின் வாகனமே போக்குவரத்து நெரிசலில் சிக்கியது. பின்னர் ஏற்பாட்டு நிறுவனத்தின் மீது வழக்குப் பதிவானது. உயர் காவல் அதிகாரிகள் மாற்றப்பட்டனர். அன்றைய விவாதம் சீட்டு வாங்கியவர்களையே சுற்றி வந்தது. சீட்டு வாங்காமலேயே அந்த இரவைத் தம் வீட்டுக்குள் எதிர்கொண்ட அக்கம்பக்கத்தவர் அதில் இடம்பெறவில்லை.

அந்த விடுபட்ட கேள்வியை வடக்கே, பழவேற்காடு ஏரிப் பகுதிக்குக் கொண்டுசெல்வோம். கும்மிடிப்பூண்டி வட்டத்தின் ஆரம்பாக்கம் ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர். சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலை அவ்வழியே செல்கிறது. கிழக்கே ஏரியும் மீனவக் குப்பங்களும் உள்ளன. எல்லைக்கு அப்பால் சூலூர்ப்பேட்டையில் ஆந்திர அரசு நடத்தும் பூநாரைத் திருவிழா மேடை நிகழ்ச்சிகளோடு நடைபெறுகிறது. 2025 ஜனவரியிலும் நடந்தது. நாளை ஆரம்பாக்கத்து வெட்டவெளி ஒன்றில் பெருநிறுவனம் ஒன்று இசைவிழாவுக்கு விண்ணப்பிப்பதாகக் கொள்வோம். அதே ஊரின் சேரி இளைஞர்கள் ஏப்ரல் 14 அன்று அம்பேத்கர் பிறந்தநாளுக்குப் பறையும் கானாவும் கொண்ட ஓர் இசையிரவுக்கு விண்ணப்பிப்பதாகவும் கொள்வோம். இரண்டு தாள்களும் ஒரே மேசைக்கு வருகின்றன. சட்டம் இரண்டையும் ஒன்றுபோல் நடத்துகிறதா?

சட்டம் சொல்வது

அனுமதி என்பது ஒரே தாள் அன்று. கூட்டம் கூடுவதை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் சென்னை மாநகரில் 1888ஆம் ஆண்டின் சென்னை மாநகரக் காவல் சட்டம், பிரிவு 41இலிருந்து வருகிறது. மாவட்டங்களில் 1861ஆம் ஆண்டின் காவல் சட்டம், பிரிவு 30(2) கையாளப்படுகிறது. இரண்டுமே காலனிய ஆட்சி மக்கள் கூடுவதைக் கண்டு அஞ்சிய காலத்தில் பிறந்தவை. தெருக்களில் பொதுக்கூட்டம் நடத்த அனுமதி வழங்குவதில் காவல்துறைக்கு வரையறையற்ற அதிகாரம் இருக்க முடியாது என்று ஹிம்மத்லால் ஷா வழக்கில் (1973) உச்ச நீதிமன்றம் கூறியது. ஒழுங்குபடுத்தலாம்; விருப்பம்போல் மறுக்க இயலாது என்பதே அதன் சாரம்.

ஒலிக்கான அனுமதி தனி. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகளின்படி, ஒலிபெருக்கிக்கு எழுத்துமூல அனுமதி வேண்டும். குடியிருப்புப் பகுதிக்கான வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். பொது இடத்தின் எல்லையில் இவ்வரம்பைவிட 10 டெசிபல் கூடுதல் அல்லது 75 டெசிபல், இவற்றுள் எது குறைவோ அதுவே உச்சம். எனவே குடியிருப்புப் பகுதியில் பகலில் 65ஐத் தாண்டலாகாது. தனியார் இடத்தின் எல்லையில் சொந்த ஒலிக்கருவிகளுக்கு 5 டெசிபல் கூடுதல் மட்டுமே. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்வு தரலாம். அந்த நாட்கள் முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும்.

எண் சொல்லாதது

டெசிபல் கணக்கு நேர்கோட்டில் செல்வதன்று. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. மேலும், விதிகள் பயன்படுத்தும் ‘ஏ’ அளவுமுறை மனிதக் காதின் உணர்திறனை ஒட்டியது. தாழ்ந்த அதிர்வெண் ஒலிகளை அது குறைத்தே கணக்கிடும். பெரும் இசை மேடைகளின் அடித்தொனி அதிர்வோ நெடுந்தூரம் செல்வது, சுவர்களையும் கூரைகளையும் ஊடுருவுவது. கல்நார்த் தகட்டின் கீழ் உறங்குபவருக்குக் கருவியில் தெரியும் எண் முழு உண்மையைச் சொல்வதில்லை. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்திருக்கும் இரவுகளில் ஒலி மேல்நோக்கிச் சிதறாமல் நீர்ப்பரப்பின் மேலே வெகுதொலைவு பயணிக்கும். வலசைப் பறவைகள் ஏரிக்கு வரும் பருவமும் திறந்தவெளி இசைவிழாக்களுக்கு ஏற்ற மழையற்ற குளிர்பருவமும் பெரிதும் ஒன்றே.

குடியிருப்போர் யார்?

இங்குதான் சட்டத்தின் நடுநிலை ஆட்டம் காண்கிறது. சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியில், கே.கே.ஆர். நகரின் பெந்தெகொஸ்தே திருச்சபை ஒன்றின் ஒலிபெருக்கிகளுக்கும் முரசுகளுக்கும் எதிராக அப்பகுதிக் குடியிருப்போர் நலச்சங்கம் தொடுத்த வழக்கில், 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறர் அமைதியைக் குலைத்து ஒலிபெருக்கி வழியே வழிபட எந்தச் சமயத்துக்கும் உரிமையில்லை என்றது. விரும்பாத ஒலியைக் கேட்குமாறு எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்ற கொள்கையை நாம் ஏற்கிறோம். ஆயினும் அக்கொள்கையை நீதிமன்றம் வரை கொண்டுசெல்லப் பதிவுபெற்ற சங்கமும் வழக்காடும் வசதியும் தேவைப்பட்டன. பட்டா இல்லாத குடிசைகளுக்கு அவை எளிதில் வாய்ப்பதில்லை.

பழவேற்காட்டில் இடம் யாருடையது என்பதும் சாதி வரையறுத்த கேள்வியே. ஏரியின் மீன்பிடி இடங்களைச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பகிரும் ‘பாடு’ வழக்கத்தில் பட்டினவர் சமூகத்தின் குறிப்பிட்ட ஊர்களுக்கே மரபுரிமை. தலித் மீனவர்களும், கையால் இறால் தேடும் இருளர்களும் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். ஏரிப் பகுதியில் இசைவிழாவுக்கு ஊர்ப் பஞ்சாயத்தின் ஒப்புதலை மட்டும் பெற்றுவிட்டு ‘மக்கள் சம்மதித்தனர்’ என்று கோப்பில் எழுதினால், பாட்டில் இடம் பெறாதவர்கள் ஒப்புதலிலும் இடம் பெறாமல் போவார்கள். விடியுமுன் தொழிலுக்குக் கிளம்புபவரின் இரவுத் தூக்கத்துக்கு அந்தக் கோப்பில் இடமிருக்காது.

நம் இசைக்கு மட்டும் ‘சட்டம் ஒழுங்கு’

மறுபக்கமும் உண்டு. பறை பல நூறு ஆண்டுகள் சாவு வீட்டுக்கு ஏவப்பட்ட தொழிலாக்கப்பட்டது. அதே பறையை நம் விழாவுக்கு நாம் அடித்தால் அது ‘பதற்றம்’ ஆகிறது. நிறுவனத்தின் விண்ணப்பத்தில் போக்குவரத்தும் வாகன நிறுத்தமும் பேசப்படுகின்றன. சேரியின் விண்ணப்பத்தில் ‘சட்டம் ஒழுங்குப் பிரச்சினை எழக்கூடும்’ என்ற ஒற்றை வரி போதுமானதாகிவிடுகிறது. எதிர்ப்போர் செய்யப்போகும் கலவரத்துக்குப் பாடுவோர் தண்டிக்கப்படுகின்றனர்.

2015இல் சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்தில் தொடங்கிய விழா, கர்நாடக இசையையும் மக்கள் கலைகளையும் மீனவக் குப்பத்துக்குள் ஒரே மேடையில் அமர்த்தியது. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்துப் பள்ளித் திடலில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ கானாவையும் ராப்பையும் திறந்தவெளியில் முழங்கியது. 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் ‘மார்கழியில் மக்களிசை’யைத் தொடங்கியது. இம்மேடைகள் நம் உரிமை. அவற்றுக்கு டெசிபல் வரம்பிலிருந்து விலக்கு வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. நம் குழந்தைகளும் மறுநாள் தேர்வெழுதுகிறார்கள். ஒரே கருவியால், ஒரே எல்லையில் நின்று, எல்லோரையும் அளக்க வேண்டும் என்றே கேட்கிறோம்.

தண்டனையிலும் சமனின்மை வளர்ந்துள்ளது. 2023ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் சட்டம், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்ட மீறலுக்கான சிறைத்தண்டனையை நீக்கி, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரையிலான அபராதமாக மாற்றியது. ஒலி மாசு விதிகள் அச்சட்டத்தின் கீழ்தான் வருகின்றன. பெருநிறுவனத்துக்கு அபராதம் ஒரு செலவுக் கணக்கு. இளைஞர் மன்றத்துக்கோ அதன் கீழ்வரம்பே ஓர் ஆண்டுச் சேமிப்பு.

என்ன செய்யலாம்?

முதலாவதாக, விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். மறுப்பையும் காரணத்தோடு எழுத்திலேயே கேளுங்கள். வாய்மொழி மறுப்பை நீதிமன்றத்தில் எதிர்ப்பது கடினம்.

இரண்டாவதாக, ஒலி மாசு விதி 8ஐப் பயன்படுத்துங்கள். இசையைத் தடுக்கும் ஆணை எழுத்துமூலமாக இருக்க வேண்டும். அதை நீக்கக் கோரினால், விண்ணப்பித்தவருக்கும் முதலில் புகார் அளித்தவருக்கும் நேரிலோ பிரதிநிதி மூலமோ வாதிட வாய்ப்பளிக்க வேண்டும். கோரிக்கையை மறுத்தால் காரணம் பதிய வேண்டும்.

மூன்றாவதாக, நிறுவன விழாவுக்குத் தரப்பட்ட அனுமதி ஆணையின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கோருங்கள். அதில் விதித்த நிபந்தனைகளே நம் விண்ணப்பத்துக்கும் அளவுகோல் என்று வாதிட அது உதவும்.

நான்காவதாக, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களின் கிராம சபைகள் விழாப் பருவத்துக்கு முன்னதாக வருகின்றன. குப்பம், சேரி, இருளர் குடியிருப்பு அனைத்தின் கருத்தும் கேட்கப்பட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். அது அனுமதியைத் தடுத்துவிடாது; கேட்கப்படாதவர் எவர் என்பதற்குச் சான்றாக நிற்கும்.

ஐந்தாவதாக, பண்பாட்டு ஊர்வலம் சாதியின் பெயரால் தடுக்கப்பட்டால், 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(இசட்ஏ) பொருந்தும். சமய, சமூக, பண்பாட்டு ஊர்வலங்களில் பங்கேற்பதைத் தடுப்பதை அப்பிரிவு குற்றமாக்குகிறது. புகாரைப் பதிய வேண்டிய அரசு ஊழியர் வேண்டுமென்றே கடமை தவறினால் பிரிவு 4 உள்ளது.

ஆரம்பாக்கத்து மேசையில் இருந்த இரண்டு தாள்களுக்குத் திரும்புவோம். இரண்டுக்கும் அனுமதி தரலாம். இரண்டையும் இரவு 10 மணிக்கு நிறுத்தலாம். ஒன்றுக்கு மட்டும் காவல் பாதுகாப்பும் மற்றதற்கு மட்டும் காவல் நிலைய அழைப்பாணையும் கிடைக்குமானால், அதை ஒலிப் பிரச்சினை என்று அழைக்க வேண்டியதில்லை. அதற்கு வேறு பெயருண்டு. நாம் அறிந்த பெயர்தான்.