அரசர் தலையில் ஒரு கட்டி

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாருக்காவது முதுகிலோ தலையிலோ காதுக்குப் பின்னாலோ பட்டாணி அளவில் ஒரு கட்டி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். வலிக்காது. தொட்டால் உருண்டையாகத் தட்டுப்படும். உற்றுப் பார்த்தால் அதன் நடுவில் ஒரு கரும்புள்ளி தெரியலாம். "கொழுப்புக் கட்டிதான், ஒன்றும் செய்யாது" என்று வருடக்கணக்கில் விட்டு வைத்திருப்பார்கள். ஆனால் இந்தக் கரும்புள்ளிக் கட்டிக்குள் கொழுப்பு நிரம்பியிருப்பதில்லை. அப்படியானால் உள்ளே என்ன இருக்கிறது?

கெரட்டின். நகம், முடி, மாட்டின் கொம்பு எல்லாவற்றிலும் இருக்கிற அதே புரதம். நம் மேல்தோலின் அடியில் நாள்தோறும் புதிய செல்கள் பிறக்கின்றன. அவை மெல்ல மேலே ஏறி, கெரட்டினை நிரப்பிக்கொண்டு, தட்டையாகிச் செத்து, கடைசியில் உதிர்ந்துபோகின்றன. இதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். குளிக்கும்போது தேய்த்தால் திரண்டு வருகிறதே அழுக்கு, அதில் நீங்களும் இருக்கிறீர்கள்!

சில நேரம் முடி முளைக்கும் குழியின் வாய் அடைத்துக்கொள்ளும். அங்குள்ள தோல் உள்பக்கமாகப் பை போல ஆகிவிடும். தான் உள்ளே மாட்டிக்கொண்டது அந்தத் தோலுக்குத் தெரியாது. வழக்கம்போல செல்களை உண்டாக்கும், உதிர்க்கும். உதிர்ந்தவை வெளியேற வழி ஏது? பைக்குள்ளேயே சேர்ந்து இறுகும். அதனால்தான் கட்டி அவ்வளவு மெதுவாக வளர்கிறது. நடுவிலிருக்கும் கரும்புள்ளி, அடைபட்ட அந்த வாய். உள்ளே இருப்பது வெள்ளையாக, பிசுபிசுப்பாக இருக்கும். நாற்றமோ, மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான். மருத்துவர்கள் இதை எபிடெர்மாய்ட் சிஸ்ட் என்கிறார்கள்.

உங்கள் வயதில் இது குறைவு. சிறு குழந்தைகளின் புருவ ஓரத்தில் தெரியும் கட்டி பெரும்பாலும் வேறு வகை. தாயின் வயிற்றில் முகத்தின் பகுதிகள் ஒன்றோடொன்று சேரும்போது, நடுவில் சிக்கிக்கொண்ட துளித் தோல் அது. டெர்மாய்ட் என்று பெயர். மூக்கின் நடுவில் இது இருந்தால் ஆழமாகவும் போயிருக்கலாம் என்பதால், கத்தியைத் தொடும் முன் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள்.

இது எந்தக் கட்டி என்று மருத்துவர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்? முதலில் விரல்தான் கருவி. தோலுக்கு அடியில் இருக்கும் உண்மையான கொழுப்புக் கட்டியின் ஓரத்தை அழுத்தினால், அது விரலுக்குப் பிடிபடாமல் நழுவும். கரும்புள்ளிக் கட்டி தோலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் தெளிந்த நீர் நிரம்பிய கட்டி ஒளிரும், கெரட்டின் கட்டி ஒளிராது. கழுத்தின் நடுவில் கட்டி என்றால் "நாக்கை நீட்டு" என்பார். நாக்கோடு சேர்ந்து கட்டியும் மேலே ஏறினால் அது தைராய்டு உருவான பாதையில் மிச்சமாகிப்போன கட்டி. அறுவை மருத்துவத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை இதுதான், செலவே கிடையாது.

இனி அரசர் கதைக்கு வருவோம். இங்கிலாந்து அரசர் நான்காம் ஜார்ஜின் தலையில் இப்படி ஒரு கட்டி. 1820-களின் தொடக்கத்தில் அதை அறுத்து எடுத்தவர் ஆஸ்ட்லி கூப்பர். பெரிய அறுவை மருத்துவர்தான், ஆனாலும் நடுங்கினார். காயத்தில் சீழ்பிடித்துத் தோல் முழுக்கப் பரவி, அரசரே இறந்துபோனால்? கிருமிகள் காயத்தை என்ன செய்யும் என்று அன்று யாருக்கும் தெரியாது. மரக்கச் செய்யும் மருந்தும் கிடையாது. அரசர் பிழைத்தார். கூப்பருக்குப் பரம்பரைப் பட்டம் கிடைத்தது.

அதே காலத்தில்தான், 1823-இல், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்கள். அமெரிக்காவின் பாஸ்டனில் ஈதர் கொடுத்து வலியில்லாமல் அறுவை செய்து காட்டியது 1846-இல். அதாவது நம் ஊர்ப் பள்ளி தொடங்கி இருபது வருடங்களுக்கு மேல் ஆன பிறகு. அதுவரை நோயாளி பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தப் பள்ளியின் வழிவந்ததுதான் கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர். 1964-இல் அதற்கு ஜவஹர்லால் நேருவின் பெயர் சூட்டப்பட்டது. காலையிலேயே அங்கே நீளும் வரிசையைப் புதுச்சேரிப் பிள்ளைகள் பார்த்திருப்பீர்கள். அரசருக்கே கிடைக்காத ஒன்று இன்று அந்த வரிசையில் நிற்பவருக்குக் கிடைக்கிறது: 1943-இல் சுவீடனில் உருவாக்கப்பட்ட லிடோகைன் என்ற மருந்து. கட்டியைச் சுற்றி ஊசியில் போட்டால் சில நிமிடங்களில் அந்த இடம் மட்டும் மரத்துவிடும். ஆள் விழித்தபடி பேசிக்கொண்டிருப்பார்.

பிறகு தோலைக் கீறி, பையைக் கிழிக்காமல் முழுசாக எடுக்க வேண்டும். நுங்கை உடையாமல் தோண்டியெடுக்கும் கைப்பக்குவம் அது. உள்ளே இருப்பதை மட்டும் வழித்தெடுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. கெரட்டினை உண்டாக்குவதே பையின் சுவர்தானே? ஒரு துண்டு தங்கிவிட்டால்கூட அது மறுபடி வேலையைத் தொடங்கிவிடும்.

பிதுக்கக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான். பிதுக்கினால் பை உள்ளுக்குள்ளேயே வெடிக்கலாம். சிதறிய கெரட்டினை உடம்பு அந்நியப் பொருளாக நினைத்துப் போருக்குக் கிளம்பும். கட்டி சிவந்து, வீங்கி, விண்விண்ணென்று வலிக்கும். அதன்மேல் சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பற்றுப் போட்டால் தோல் வெந்துபோகலாம், பை அப்படியேதான் இருக்கும். பழுத்த கட்டியை மருத்துவர் கீறிச் சீழை வெளியேற்றுவார். பையை எடுக்க, புண் ஆறிச் சில வாரங்கள் போகட்டும் என்பார். வீங்கிய இடத்தில் பையின் எல்லை தெரியாது.

எடுத்த கட்டியைப் பெரும்பாலும் ஃபார்மலினில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அந்தச் சாயங்களில் ஒன்று மத்திய அமெரிக்காவில் வளரும் ஒரு மரத்தின் வைரத்திலிருந்து வருகிறது. சுவரில் மேல்தோலின் அடுக்குகளும் உள்ளே கெரட்டின் ஏடுகளும் தெரிந்தால் சந்தேகம் தீர்ந்தது.

தையல் பிரிப்பது எந்த இடம் என்பதைப் பொறுத்தது. முகத்தில் இரத்த ஓட்டம் அதிகம், ஐந்தாறு நாளில் பிரித்துவிடலாம். முதுகு அப்படியல்ல, குனிந்தாலும் கையைத் தூக்கினாலும் தோல் இழுபடும், பத்துப் பதினான்கு நாள் ஆகும். பந்து வீசுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.